ஐந்து கால் நாற்காலி: உட்கார்ந்து உழைப்பவர்களின் வரலாறு



படிக்கத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. நீங்க உட்கார்ந்திருப்பது அலுவலக நாற்காலி என்றால், கொஞ்சம் குனிந்து அதன் கால்களை எண்ணிப் பாருங்க. நான்கு இருக்காது, ஐந்து இருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சக்கரம் இருக்கும். ஆனாலும் நாம் அதை 'நாற்காலி' என்றுதான் சொல்கிறோம். நான்கு கால் உடையது நாற்காலி, மூன்று கால் உடையது முக்காலி என்று காரணப்பெயருக்கு எடுத்துக்காட்டு சொல்லிக் கொடுப்பவர்கள் நாம். அந்தக் காரணத்தையே மீறிவிட்ட ஒரு பொருளின் மேல் உட்கார்ந்துதான் அந்தப் பாடத்தைத் தயாரிக்கிறோம்!

பெயர் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. இந்த மாற்றம் எப்படி வந்தது? அதற்குள் மருத்துவம், தொழிற்புரட்சி, தொழிலாளர் சட்டம், குடியேற்ற ஆட்சி எல்லாமே இருக்கின்றன. வரலாற்றுத் தேர்வில் நேரடியாக 'நாற்காலி' என்று கேள்வி வராது. ஆனால் காரணம், விளைவு, மாற்றம், தொடர்ச்சி ஆகிய நான்கையும் பழக இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

நாற்காலி என்றால் அதிகாரம்

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்க. நெடுங்காலம் நாற்காலி என்பது வசதிக்கான பொருளாக இல்லை, அதிகாரத்தின் அடையாளமாகவே இருந்தது. 'அரியணை' என்ற சொல்லைப் பிரித்தால் அரி, அணை. அரி என்றால் சிங்கம். சிங்கம் சுமக்கும் இருக்கையில் மன்னன் மட்டுமே அமர்ந்தான். மற்றவர்கள் நின்றார்கள், அல்லது தரையில் அமர்ந்தார்கள். இன்றும் 'பதவி நாற்காலி', 'நாற்காலிச் சண்டை' என்கிறோம். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவியை 'இருக்கை' என்கிறோம். உட்காரும் இடம், உட்காருபவரின் தகுதியைக் குறிக்கும் சொல்லாகவே நின்றுவிட்டது.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே கேள்வியைப் பின்தொடர்ந்து போவோம்: வசதியாக உட்காரும் உரிமை யாருக்கு இருந்தது?

எழுத்தர்களின் நோயைக் கண்டுபிடித்தவர்

இத்தாலியில் பெர்னார்டினோ ரமாசினி என்ற மருத்துவர் இருந்தார். 1700-ஆம் ஆண்டு தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். சுரங்கத் தொழிலாளர், குயவர், சலவைத் தொழிலாளர் என்று ஒவ்வொரு தொழிலாக எடுத்துக்கொண்டு, அந்தத் தொழில் உடம்பை எப்படிக் கெடுக்கிறது என்று எழுதினார். நோயாளியிடம் 'உனக்கு என்ன தொழில்?' என்று மருத்துவர் கட்டாயம் கேட்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர்தான்.

1713-இல் அந்த நூலை விரிவாக்கி மீண்டும் வெளியிட்டபோது, எழுத்தர்களைப் பற்றியும் ஒரு பகுதி சேர்த்தார். அவர்களின் துன்பத்துக்கு மூன்று காரணங்களைச் சொன்னார். ஒன்று, இடைவிடாமல் உட்கார்ந்திருப்பது. இரண்டு, கை ஓயாமல் ஒரே அசைவைச் செய்வது. மூன்று, பிழை வந்துவிடக் கூடாது என்று மனம் ஓயாமல் கவனமாக இருப்பது.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது இது. தவணை முடிவில் விடைத்தாள் திருத்தும் ஆசிரியரைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது, இல்லீங்களா?

சுழலும் நாற்காலி, உருளும் நாற்காலி

அலுவலக நாற்காலியின் முக்கிய உறுப்புகள் ஒரே நாளில் வரவில்லை. முதலில் வந்தது சுழற்சி. அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன், ஆங்கில வகை மர நாற்காலி ஒன்றைச் சுழலும்படி மாற்றி வைத்திருந்தார். 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை வரைந்தபோது அதைத்தான் பயன்படுத்தினார் என்று சொல்வார்கள். அந்த நாற்காலி இன்றும் ஃபிலடெல்ஃபியாவில் பாதுகாக்கப்படுகிறது.

அடுத்தது சக்கரம். பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வின், தம் வீட்டுப் படிப்பறையில் நாற்காலிக்குச் சக்கரம் பொருத்திக்கொண்டார். ஆய்வுக்காக வைத்திருந்த மாதிரிகளுக்கும் மேசைக்கும் இடையே எழுந்து எழுந்து நடக்காமல் உருண்டு போவதற்காக அப்படிச் செய்தார்.

இந்த இருவருமே தம் வேலைக்குத் தாமே நாற்காலியை மாற்றிக்கொண்டவர்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை. அக்காலத்துச் சாதாரண எழுத்தருக்குக் கிடைத்தது என்ன? உயரமான சாய்வு மேசையும், முதுகுச் சாய்வே இல்லாத உயர்ந்த முக்காலியும்தான்.

1851: கண்காட்சிக்கு வந்த வசதி

19-ஆம் நூற்றாண்டில் இரயில் பாதைகள் விரிந்தன. வங்கி, காப்புறுதி, கப்பல் நிறுவனங்கள் பெருகின. சரக்கு நகர்ந்தால் தாளும் நகர வேண்டும். அதனால் எழுத்து வேலை பெருகியது. அலுவலகம் என்ற தனிக் கட்டடமும், அதில் நாள் முழுக்க உட்கார்ந்து உழைக்கும் புதிய வகுப்பும் உருவாயின.

அந்தக் காலத்தில்தான், 1849-இல், அமெரிக்கர் தாமஸ் வாரன் ஒரு நாற்காலியை வடிவமைத்தார். இருக்கைக்கு அடியில் வளைந்த எஃகு வில்கள் இருந்தன. சுழன்றது, உருண்டது, சாய்ந்தும் கொடுத்தது. இன்றைய அலுவலக நாற்காலியின் பெரும்பாலான அம்சங்கள் அதிலேயே இருந்தன. 1851-இல் லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அதை வைத்தார்கள். ஆனால் விக்டோரியா காலப் பிரிட்டனில் நிமிர்ந்து, சாயாமல் உட்காருவதே ஒழுக்கத்தின் அடையாளம். சாய்ந்து உட்காருவது சோம்பலாகத் தெரிந்தது. தொழில்நுட்பம் தயாராக இருந்தும் சமூகம் தயாராக இல்லை. மாணவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்க: ஒரு கண்டுபிடிப்பு பரவ, அது நன்றாக இருந்தால் மட்டும் போதாது.

நம் பிரம்பு போன பாதை

இங்கே நம் வட்டாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 'பிரம்பு' என்றதும் பழைய மாணவர்களுக்கு வேறு நினைவு வரும். ஆனால் ஐரோப்பியருக்குப் பிரம்பு என்றால் நாற்காலிதான். 17-ஆம் நூற்றாண்டில் டச்சு, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிகளின் வாணிகத்தின் வழியே இந்த வட்டாரத்துக் காடுகளின் பிரம்பு ஐரோப்பாவுக்குப் போனது. பிளந்து பின்னிய பிரம்பு இருக்கை எடை குறைவு, காற்று புகும், உடம்புக்கு ஏற்றபடி சற்றே வளைந்தும் கொடுக்கும். ஆங்கிலம் 'ராட்டன்' என்ற சொல்லையே மலாயின் 'ரோத்தான்' என்பதிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. இந்தப் பின்னலை மறந்துவிடாதீங்க, கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வரும்.

மலாயாவில் அலுவலக வேலையின் கதையும் இதோடு சேர்ந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் எழுத்தர்கள் தேவைப்பட்டார்கள். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர் பலர் அந்த வேலைகளுக்கு வந்தார்கள். தோட்டத்தில் கணக்கு எழுதியவர் 'கிராணி'. தோட்டக் காட்சியை ஒரு கணம் நினைத்துப் பாருங்க. விடியற்காலைப் பெரட்டில் தொழிலாளர்கள் நின்றார்கள். கிராணி மேசையில் உட்கார்ந்து பெயர் பதிந்தார். துரையின் பங்களா வராந்தாவில் நீண்ட கை வைத்த பிரம்புச் சாய்வு நாற்காலி இருந்தது. நிற்பவர், நிமிர்ந்து உட்காருபவர், சாய்ந்து உட்காருபவர் என்று சமூகத்தின் அடுக்கு முழுவதும் உட்காரும் முறையிலேயே தெரிந்தது.

தட்டச்சுப் பெண்களும் மூன்று கால் நாற்காலியும்

1874-இல் அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனம் தட்டச்சுப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் அலுவலகங்களுக்குள் வந்தார்கள். 1911-இல் ஃபிரெடரிக் டெய்லர் அறிவியல் முறை மேலாண்மை பற்றிய தம் நூலை வெளியிட்டார். வேலையின் ஒவ்வொரு அசைவையும் அளந்து, வீணான அசைவை நீக்குவதே அவர் வழி. அதே காலத்தில் ஃபிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் தம்பதியர் வேறு கோணத்தில் பார்த்தார்கள். தொழிலாளியின் களைப்பைப் பற்றியே 1916-இல் ஒரு நூல் எழுதினார்கள். சரியான இருக்கை கொடுத்தால் களைப்பு குறையும் என்பது அவர்கள் வாதம்.

நோக்கத்தைக் கவனியுங்க. டெய்லர் வழியில் போன முதலாளிக்கு, நாற்காலி என்பது வேலையாளை மேசையோடு பிணைக்கும் கருவி. 1906-இல் பஃபலோ நகரில் கட்டி முடித்த லார்கின் அலுவலகத்தில், புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், மேசையோடே இணைந்து ஊசலாடும் நாற்காலிகளை வைத்தார். பார்வைக்கு ஒழுங்கு, தரையைத் துடைப்பதும் எளிது. ஆனால் உட்கார்ந்தவரால் தம் விருப்பப்படி நகர முடியாது.

அதே ரைட், 1939-இல் திறக்கப்பட்ட ஜான்சன் வேக்ஸ் அலுவலகத்துக்கு மூன்று கால் நாற்காலி வடிவமைத்தார். இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி நேராக உட்கார்ந்தால் நிற்கும், கொஞ்சம் சாய்ந்தால் கவிழும். ரைட்டே ஒருமுறை அதிலிருந்து விழுந்தார் என்று ஒரு கதையும் உண்டு. பிறகு நான்காவது கால் சேர்த்தார்கள்.

ஏன் ஐந்து கால்?

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். கணித ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து காட்டலாம். கால் நுனிகளை நேர்கோடுகளால் இணைத்தால் ஒரு பல்கோணம் கிடைக்கும். உடம்பின் எடை அந்தப் பல்கோணத்துக்குள் விழும்வரை நாற்காலி கவிழாது. ஆபத்தான திசை எது? இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கும் திசைதான்.

நடுத்தண்டிலிருந்து கால் நுனிவரை 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூன்று கால் என்றால், நடுவிலிருந்து விளிம்புக்கு 15 செ.மீ. தூரம்தான். நான்கு கால் என்றால் சுமார் 21 செ.மீ., ஐந்து கால் என்றால் சுமார் 24 செ.மீ., ஆறு கால் என்றால் 26 செ.மீ. சாதாரண நாற்காலியில் நாம் பெரும்பாலும் ஒரே திசையைப் பார்த்தே உட்காருகிறோம். சுழல் நாற்காலியிலோ எந்தத் திசையிலும் சாயலாம், எட்டிப் பிடிக்கலாம். அதனால் எல்லாத் திசையிலும் நிலைத்தன்மை வேண்டும். நான்கிலிருந்து ஐந்துக்குப் போனால் கணிசமான பாதுகாப்பு கிடைக்கிறது, ஆறுக்குப் போனால் கிடைக்கும் கூடுதல் பலன் குறைவு. எடையும் செலவும்தான் ஏறும். ஆகவே ஐந்து.

முதுகெலும்பைப் படம் பிடித்தவர்கள்

வேலைக்கும் உடம்புக்கும் உள்ள பொருத்தத்தை ஆராயும் துறை பணிச்சூழலியல். 1857-இலேயே போலந்து அறிஞர் வோய்ச்செக் யாஸ்ட்செம்பொவ்ஸ்கி, 'வேலை', 'நியதி' எனப் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அது தனித் துறையாக வளர்ந்தது. 1949-இல் பிரிட்டனில் அதற்கென ஓர் ஆய்வுச் சங்கம் உருவானது.

போருக்குப் பிறகு வந்த ஆய்வுகளைக் கால வரிசையில் பாருங்க. 1948-இல் சுவீடனின் பெங்ட் ஓக்கர்ப்லோம் நிற்கும் நிலை, உட்காரும் நிலை பற்றி ஆராய்ந்து, கீழ்முதுகுக்குத் தாங்கல் தேவை என்று காட்டினார். 1953-இல் அமெரிக்க மருத்துவர் ஜே. ஜே. கீகன் பல நிலைகளில் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்தார். தொடைக்கும் உடலுக்கும் இடையே சுமார் 135 பாகை இருக்கும்போது முதுகின் இயல்பான வளைவு காக்கப்படுகிறது என்று கண்டார். அப்படியானால், '90 பாகையில் நேராக உட்கார்' என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது முழுக்கச் சரியல்ல.

1960-களில் சுவீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன், உயிருள்ள மனிதர்களின் முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். தாங்கல் இல்லாமல் உட்காரும்போது அழுத்தம் நிற்பதைவிட அதிகம் என்று வந்தது. 1999-இல் ஜெர்மனியில் செய்த புதிய அளவீட்டில் அந்த வேறுபாடு அவ்வளவு தெரியவில்லை. ஒரே ஆய்வை இறுதித் தீர்ப்பாக எடுக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

ஆசிரியர்கள் கட்டாயம் அறிய வேண்டியவர் டென்மார்க் அறுவை மருத்துவர் ஏ. சி. மண்டால். பள்ளிப் பிள்ளைகள் எழுதும்போது நாற்காலியின் பின்கால்களைத் தூக்கி முன்பக்கம் சாய்வதை அவர் கவனித்தார். நாம் 'ஆடாதே, விழுந்திடுவே!' என்று அதட்டுவோம். அவரோ, அந்தப் பிள்ளைகள் தங்கள் முதுகைத் தாங்களே காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டார். இருக்கை முன்பக்கம் சற்றுச் சரிந்தும், மேசை உயரமாகவும் இருக்க வேண்டும் என்று வாதாடினார். ஒரு பிள்ளையின் குறும்பில் காரணத்தைத் தேடிய மனிதர் அவர்.

பதவிக்கு அளவா, உடம்புக்கு அளவா?

இத்தனை ஆய்வுகளுக்குப் பிறகும் அலுவலகங்களில் பழைய வழக்கம் தொடர்ந்தது. மேலாளருக்கு உயர்ந்த முதுகும் தோல் உறையும் உள்ள பெரிய நாற்காலி, செயலாளருக்குக் கைப்பிடி இல்லாத சின்ன நாற்காலி. யார் அதிக நேரம் உட்காருகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

1976-இல் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக பில் ஸ்டம்ஃப் வடிவமைத்த 'எர்கோன்' நாற்காலி உடம்பிலிருந்து தொடங்கியது. 1994-இல் அவரும் டான் சாட்விக்கும் சேர்ந்து 'ஏரோன்' நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். அதில் பஞ்சும் இல்லை, தோலும் இல்லை. இழுத்துக் கட்டிய வலை மட்டுமே. காற்று புகும், உடம்புக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். நம் பிரம்புப் பின்னல் செய்த அதே வேலை! அதைவிட முக்கியம், அது மூன்று அளவுகளில் வந்தது. சட்டைக்கு அளவு பார்ப்பதுபோல, உட்காருபவரின் உடலைப் பார்த்து அளவு. பதவிக்கு அளவெடுத்த நாற்காலி உடம்புக்கு அளவெடுத்த நாற்காலியாக மாறியது அப்போதுதான்.

அதே 1994-இல் மலேசியாவில் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. வேலைச் சூழல் தொழிலாளியின் உடல், மனத் தேவைகளுக்கு ஏற்ப அமைய வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. சிங்கப்பூரில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006-இல் வந்தது.

உட்காரவே விடாதவர்கள்

வசதியான நாற்காலியைப் பற்றிப் பேசும்போது, நாற்காலியே இல்லாதவர்களை மறக்கக் கூடாது. பிரிட்டனில் 1899-இல் ஒரு சட்டம் வந்தது: கடைகளில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது வைக்க வேண்டும். மூன்று பேருக்கு ஒன்று! அதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

அது நடந்து நூறு ஆண்டுகளுக்கு மேலான பிறகும், தமிழ்நாட்டுத் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பணியாளர்கள் நாள் முழுக்க நின்றார்கள். கேரளம் 2018-இல் வழிகாட்டியது. 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. உட்காருவது ஓர் உரிமை என்று எழுதி வைக்க 21-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மறுபக்கமும் உண்டு. 1953-இல் ஜெரி மோரிஸும் அவர் குழுவினரும் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். நாள் முழுக்க உட்கார்ந்த பேருந்து ஓட்டுநர்களுக்கு, படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட இதயநோய் அதிகம். ஆனால் 1956-இல் அதே குழு சீருடை அளவுகளைப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு முன்பிருந்தே அதிகம் என்று தெரிந்தது. எது காரணம், எது உடன்நிகழ்வு? தேர்வில் விடை எழுதும்போது இந்த எச்சரிக்கை உங்களுக்கும் வேண்டும். இருந்தாலும், அசையாமல் உட்காருவது நல்லதல்ல என்பதைப் பிற்கால ஆய்வுகளும் உறுதிப்படுத்தின.

சரி, எந்த நாற்காலி வாங்குவது?

வகுப்பில் நின்று, ஆசிரியர் அறையில் குனிந்து, வீட்டில் சாப்பாட்டு மேசை நாற்காலியில் இரவு பதினோரு மணிவரை தாள் திருத்துபவர்கள் நாம். விலைச்சீட்டைப் பார்க்கும் முன் இவற்றைப் பாருங்க.

உயரம்: பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். மேசைகள் பெரும்பாலும் 72 முதல் 75 செ.மீ. உயரம். உயரம் குறைந்தவர்கள் மேசைக்கு ஏற்ப நாற்காலியை உயர்த்தினால் கால் தொங்கும். அப்போது பாதத்துக்கு ஒரு சிறு பலகை வைத்துக்கொள்ளுங்க.

இருக்கையின் ஆழம்: முதுகைச் சாய்த்து உட்கார்ந்த பிறகு, இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும்.

கீழ்முதுகுத் தாங்கல்: இடுப்புக்குச் சற்று மேலே உள்ள வளைவில் படவேண்டும். ஏற்றி இறக்க முடிந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால், சுருட்டிய துண்டு ஒன்று போதும்.

கைப்பிடி: தோள் உயராமல் முழங்கை தாங்க வேண்டும். மேசைக்கு அடியில் போகாத கைப்பிடி நம்மை மேசையிலிருந்து தள்ளியே வைத்துவிடும், பிறகு முதுகு வளையும்.

கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்து முடிவெடுக்காதீங்க. கால் மணி நேரமாவது உட்காருங்க. எவ்வளவு நல்ல நாற்காலியாக இருந்தாலும், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்க. ரமாசினி கண்ட முதல் காரணம் 'இடைவிடாமல்' என்பதுதான்.

சிந்தனைக்கு

1. வாரனின் நாற்காலி 1851-இல் ஏன் உடனே ஏற்றுக்கொள்ளப்படவில்லை? சமூகக் காரணங்களை விளக்குக.
2. 'நாற்காலி உழைப்பவரின் வசதிக்காக அல்ல, உழைப்பின் வேகத்துக்காகவே முதலில் வடிவமைக்கப்பட்டது.' இக்கூற்றை டெய்லர், கில்பிரெத் தம்பதியர் ஆகியோரைக் கொண்டு ஆராய்க.
3. 1899, 1994, 2021 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களை ஒப்பிடுக. எது மாறியது? எது தொடர்கிறது?
4. உங்கள் பள்ளியில் தலைமையாசிரியர், ஆசிரியர், அலுவலகப் பணியாளர், மாணவர், காவலாளி ஆகியோரின் இருக்கைகளைக் கவனித்து ஒரு பக்கக் குறிப்பு எழுதுக. அதிக நேரம் உட்காருபவருக்கு நல்ல நாற்காலி கிடைத்திருக்கிறதா?

நான்காவது கேள்வியை மாணவர்களுக்குக் கொடுக்கும் முன் நாமும் ஒருமுறை பதில் எழுதிப் பார்ப்போம். பள்ளி வாசலில் இருக்கும் காவலாளி எதில் உட்காருகிறார் என்பதை நாளைக் காலை உள்ளே நுழையும்போது கொஞ்சம் பாருங்க.